மதிலில் ஒரு கலைவேலை: குருவி வருமா, டெங்கு வருமா?

நீங்கள் கேட்டது இது. கொழும்பு வெள்ளவத்தையில் உங்கள் ஏழு மாடிக் குடியிருப்பின் முன்மதிலைத் திருத்தும்போது அதில் ஒரு கலைவேலையும் செய்யலாம் என்று முடிவாகியிருக்கிறது. கமிட்டியில் ஒருவர், "சும்மா அலங்காரமாக இல்லாமல் குருவி, அணிலுக்கும் உதவுகிற மாதிரிச் செய்வோம்" என்கிறார். இன்னொருவர், "அதெல்லாம் போட்டோ எடுக்கத்தான். ஒரு குருவியும் வராது, டெங்குதான் வரும்" என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். இரண்டு பேர் சொல்வதையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு பொருள் கலையாகவும் இருந்து, மனிதருக்கும் பயன்பட்டு, ஓர் உயிருக்கும் இடம் கொடுக்க முடியும். ஆனால் எதை முதலில் தீர்மானிக்கிறோம், எதைக் கடைசியில் தீர்மானிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலானோர் உருவத்தை முதலில் வரைந்துவிட்டு, பிறகு அதில் எங்கே ஓட்டை போடலாம் என்று பார்க்கிறார்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் படித்தது கட்டட வரைகலை. பதினெட்டு வருடமாகச் சுடுமண்ணில் வேலை செய்கிறேன், அதைவிட அதிக காலமாகப் பறவை பார்க்கிறேன். விலங்கியல் படித்தவனில்லை, மிருக வைத்தியனும் இல்லை. ஆகவே பொருள், இடம், அளவு பற்றிச் சொல்வதை நம்பிக்கையோடு சொல்வேன். ஒரு பறவையின் நோய், உணவு பற்றியெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஓர் அலுவலக முற்றத்துக்குத் தகரத்தில் தாமரை மொட்டுகள் செய்து கொடுத்தேன். ஒவ்வொரு மொட்டுக்குள்ளும் ஒரு கூட்டறை, வாசலில் குருவி உட்கார ஒரு குச்சி. திறப்பு விழாவில் எல்லோரும் கைதட்டினார்கள். பகல் ஒரு மணிக்கு உள்ளே கையை விட்டுப் பார்த்தேன், சோற்றுப் பானை மூடியைத் தொட்ட மாதிரி இருந்தது. குஞ்சு இருந்திருந்தால் வெந்திருக்கும். நல்லவேளை, எந்தப் பறவையும் வரவில்லை, வந்தது எறும்பு மட்டும்தான். கடற்காற்றில் இரண்டு வருடத்தில் துருப்பிடித்து எல்லாவற்றையும் கழற்றினார்கள். அந்தக் குச்சியும் தவறு என்று பிறகுதான் தெரிந்தது. குருவிக்கு அது தேவையில்லை. வாசலில் நின்று உள்ளே தலையை நீட்டக் காகத்துக்குத்தான் அது வசதி.

அன்றிலிருந்து நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்த இடத்தில் எந்த உயிருக்கு எது குறைகிறது? அணிலுக்குக் கொழும்பில் ஒரு குறையும் இல்லை. அது ஏசிப் பெட்டிக்குப் பின்னாலும் கூடு கட்டும், உங்கள் துணிக்கொடியிலிருந்து நூல் இழுத்துக்கொண்டும் போகும். மைனா, காகம் இரண்டும் அப்படித்தான். அவற்றுக்காக நீங்கள் காசு செலவழிக்க வேண்டாம். குறை இருப்பது பொந்தில் வாழ்பவற்றுக்கு. ஊர்க்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தமிழில் அடைக்கலக்குருவி என்றும் பெயர். பழைய ஓட்டு வீடுகளில் கூரைக்கும் சுவருக்கும் இடையே அதற்கு அடைக்கலம் இருந்தது. சில வீடுகளில் இறப்பில், அதாவது கூரை விளிம்பில், ஒரு மண்முட்டியைக் கட்டித் தொங்கவிடுவார்கள், குருவி வந்து கூடு கட்டினால் வீட்டுக்கு நல்லது என்று. அந்த முட்டி, செலவே இல்லாத, சரியான அளவுள்ள, மழையில் நனையாத ஒரு வடிவமைப்பு. உங்கள் ஏழு மாடியில் இறப்பும் இல்லை, இடுக்கும் இல்லை. சீமெந்து பூசி, நிறம் அடித்து, எல்லாம் மழமழவென்று முடித்துவிட்டார்கள்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. சரியான அளவில், சரியான இடத்தில் பொந்து வைத்தால் பொந்துப்பறவை வந்து தங்கும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். பொந்து வைத்தால் ஊரில் அவற்றின் எண்ணிக்கை கூடும் என்பது அந்த அளவுக்கு நிச்சயமில்லை. உண்மையான தட்டுப்பாடு பொந்தில் இருந்தால்தான் கூடும். ஊர்க்குருவி பெரிதானபின் அரிசி, தானியம் தின்னும். குஞ்சாக இருக்கும்போது அதற்குப் புழு, பூச்சி வேண்டும். வளவு முழுக்கக் கல் பதித்து, மாதம் ஒரு தடவை மருந்தடிக்கிற இடத்தில் எவ்வளவு அழகான கூடு வைத்தாலும் தாய்க்குருவி குஞ்சுக்கு எதைக் கொண்டுவரும்? ஆகவே மதில் ஓரத்தில் இரண்டு தேசிக்காய் மரமும் ஒரு கறிவேப்பிலையும் வைப்பது சிற்பத்தில் பாதி என்று நினையுங்கள். இரண்டிலும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும், புழு வரும். இலை கடிபட்டிருக்கிறதே என்று யாரும் மருந்தடிக்கக் கூடாது. கைத்தொலைபேசிக் கோபுரத்தால்தான் குருவி போய்விட்டது என்று யாராவது கூட்டத்தில் சொன்னால், அந்தக் கதைக்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மரக்கன்றுப் பேச்சுக்குத் திரும்புங்கள்.

இது ஏதோ வெளிநாட்டு மோகம் என்று நினைப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்து ஆவுரஞ்சிக்கல்லை ஞாபகப்படுத்துவேன். தெருவோரத்தில் ஒரு மடம், பக்கத்தில் தலைச்சுமையை இறக்கிவைக்க ஒரு சுமைதாங்கி, தண்ணீருக்கு ஒரு கேணி, கேணியடியில் மாடுகள் வந்து உடம்பை உரசித் தினவு தீர்த்துக்கொள்ள நட்ட ஒரு கல். மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கக் கேணியில் ஒரு பக்கம் சரிவாகவே கட்டியிருப்பார்கள். மனிதனுக்கும் மாட்டுக்கும் ஒரே இடத்தில் வசதி, அது பார்க்கவும் அழகு. இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. மாட்டுக்கு எங்கே அரிக்கும், கல் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று பார்த்தவன்தான் அதை நட்டிருக்கிறான்.

அதே சிந்தனையை உலகத்தில் பலர் கலையாகவே செய்திருக்கிறார்கள். துருக்கியில் உதுமானியர் காலத்துப் பள்ளிவாசல் சுவர்களில், பறவைகளுக்கென்று குட்டி மாளிகைகள் செதுக்கிப் பதித்திருப்பார்கள். அமெரிக்கச் சிற்பி லின் ஹல், வயோமிங் பகுதியில் பருந்துகளும் கழுகுகளும் மின்கம்பங்களில் உட்கார்ந்து கறண்ட் அடித்துச் சாவதைப் பார்த்து, அவை பத்திரமாக உட்கார மரத்தாலான உயரமான சிற்பங்களை நட்டார். பாலைநிலப் பாறைகளில் கோலம் மாதிரிக் குழிகள் செதுக்கி, மழைத்தண்ணீர் தேங்கி விலங்குகள் குடிக்க வழி செய்தார். எனக்கு மிகவும் பிடித்தது பட்ரீசியா ஜொஹான்சன் அமெரிக்காவின் டலஸ் நகரத்துக் குளம் ஒன்றில் செய்த வேலை. புல்தரைக்குப் போடும் உரம் வழிந்து, பாசி பிடித்து, கரை அரித்து, நம் பேர வாவி மாதிரிப் பச்சையாகக் கிடந்த தண்ணீர் அது. 1981இல் வேலையை ஒப்படைத்தார்கள், 1986இல் முடிந்தது. ஒரு நீர்த்தாவரத்தின் வேரையும் ஒரு பன்னத்தின் (பெரணியின்) இலையையும் பெரிதாக்கிக் கொங்கிறீற்றில் நெளிய விட்டார். மேலே மனிதர் நடக்கலாம், கரையை அலை அரிக்காது, இடுக்குகளில் ஆமையும் மீனும் பறவையும் தங்கலாம். அங்கே போய் நிற்கிற பிள்ளைக்கு அது சிற்பமா, பாலமா, குளக்கரையா என்று தெரியாது. தெரியவும் தேவையில்லை.

சரி, உங்கள் மதிலுக்கு வருவோம். ஏழடி மதில் கூடு வைக்கிற இடமே அல்ல. வெள்ளவத்தையில் பூனை ஏறாத மதில் இருக்கிறதா? மதிலைத் தண்ணீருக்கும் பூச்சிக்கும் பல்லி ஓணானுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கூடுகளை முதல் மாடி பல்கனித் தட்டுக்குக் கீழே, நிழலில், குறைந்தது பத்தடி உயரத்தில் வையுங்கள். தென்மேற்குப் பருவமழை மே மாதத்திலிருந்து கடல் பக்கமாக அடிக்கும், பின்னேர வெயிலும் அந்தப் பக்கம்தான். எனவே வாசல் வடக்கையோ கிழக்கையோ பார்க்கட்டும். ஊர்க்குருவிக்கு வாசல் 32 மில்லிமீற்றர் போதும், அதைவிடப் பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும். குண்டுக்கரிச்சானுக்கு ஐந்து ஆறு சென்ரிமீற்றர் வேண்டும். காலையில் மின்கம்பியில் இருந்து பாடுகிற கறுப்பு வெள்ளைப் பறவை அதுதான், கொழும்பு வீடுகளில் கடிதப்பெட்டிக்குள்ளேகூடக் கூடு கட்டும். உள்பக்கம் மழமழப்பாக இருக்கக் கூடாது, குஞ்சு நகம் ஊன்றி ஏற வேண்டும். அடியில் மூன்று நான்கு சிறு துளை போடுங்கள், பின்மூடி திறந்து துடைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். மெருகிடாத சுடுமண்தான் என் தேர்வு. அது ஈரத்தை உறிஞ்சி விடும், உப்புக்காற்றில் துருவும் பிடிக்காது. ஒவ்வொரு கூட்டின் முகப்பையும் உங்கள் கலைஞர் எப்படி வேண்டுமானாலும் செய்யட்டும். மாதுளை, பனங்காய், முகமூடி, எதுவும் குருவிக்கு ஒன்றுதான். உள்ளளவில் மட்டும் கைவைக்க விடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் மூலையில் ஒரு பட்ட தென்னை தெரிகிறது. அதைத் தறிக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். அந்த வளவில் ஆகப் பெறுமதியான சிற்பம் அதுதான். குக்குறுவானும் மரங்கொத்தியும் செத்த மரத்தைத்தான் குடையும். அவை விட்டுப்போன பொந்தில் கிளி, மைனா, குண்டுக்கரிச்சான் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குடிவரும். கொழும்பில் செத்த கிளையைக் கண்டால் உடனே வெட்டுகிறோம், பிறகு கடையில் பலகைக் கூடு வாங்குகிறோம். கூரை மேலோ தெருவிலோ விழாத உயரத்துக்கு, பத்துப் பன்னிரண்டு அடிக்கு, மேலிருந்து வெட்டிக் குறைத்து, தலையில் மழை இறங்காமல் ஒரு சுடுமண் தொப்பி வையுங்கள். அந்தத் தொப்பியில் கலைஞர் தன் கைவரிசையைக் காட்டலாம். அடிமரம் உளுத்திருக்கிறதா என்று தெரிந்த ஒருவர் தட்டிப் பார்த்தபிறகே இதைச் செய்யுங்கள். உளுத்திருந்தால் இரக்கப்படாமல் வெட்டிவிடுங்கள்.

இனி டெங்கு. சந்தேகப்பட்டவரை யாரும் கேலி செய்ய வேண்டாம். 2017இல் நாடு முழுவதும் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவான ஊர் இது. பறவைத் தொட்டியை வைத்துவிட்டு மறந்தால் பொதுச்சுகாதாரப் பரிசோதகர் வந்து வழக்குப் போடுவார், போடத்தான் வேண்டும். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் எடுக்கும். அதனால் ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீரை ஊற்றிவிட்டு மாற்றினால் போதும் என்று பலர் சொல்வார்கள், பாதிதான் சரி. டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீரில் விடுவதில்லை, பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிவிடும். அந்த முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும். இதை வடிவமைப்பிலேயே கொண்டுவரலாம். மதிலில் பதித்த, கழற்ற முடியாத தொட்டி வேண்டாம். ஒரு கையால் தூக்கிக் கவிழ்க்கக் கூடிய, உள்ளே மூலை முடுக்கு இல்லாத, ஆழம் ஐந்து சென்ரிமீற்றருக்கு மேற்படாத அகல்விளக்கு வடிவம் போதும். ஒரு பக்கம் கேணி மாதிரிச் சரிவு வைத்தால் குஞ்சுப்பறவையும் தேனீயும் தவறி விழுந்து சாகாது. அணிலும் ஓணானும் நிம்மதியாகக் குடிக்கும். பூச்சாடித் தட்டுக்கும் இதே விதிதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கட்டடத்தில் ஆகப்பெரிய ஆபத்து அதுதான். படத்தில் வரவேற்பறையின் முன்கண்ணாடி தரையிலிருந்து கூரை வரை இருக்கிறது. அதில் எதிர்ப்பக்கத்து மரம் அப்படியே தெரிகிறது. பறவைக்கு அது கண்ணாடி இல்லை, மரம். ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் வாக்கில் இந்தியாவிலிருந்து ஆறுமணிக்குருவி வரும். இரவில் பறந்து, களைத்து, கொழும்பில் கண்ணாடியில் மோதி விழும். பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு, கையில் எடுத்தால் ஒரு தேசிக்காய்ப் பாரம்தான் இருக்கும். நானே இரண்டு முறை எடுத்திருக்கிறேன், ஒன்று பறந்துபோனது. பருந்துப் படம் ஒன்றை ஒட்டினால் பயந்து வராது என்பது பொய். பறவை அந்தப் படத்தைச் சுற்றிப் பக்கத்தால் போக முயன்று மோதும். வேலை செய்வது நெருக்கமான புள்ளிகள்: கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் ஆறு மில்லிமீற்றருக்குக் குறையாமல். இதைக் கேட்டவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்குப் புள்ளிக்கோலம். உங்கள் குடியிருப்பில் நல்லாகக் கோலம் போடத் தெரிந்த அம்மா ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரை வைத்து வரையச் சொல்லி, வெள்ளை ஒட்டுத்தாளில் வெட்டி வெளியே ஒட்டுங்கள். கோடுகள் எப்படி வளைந்தாலும் பரவாயில்லை, புள்ளி இடைவெளி தவறக் கூடாது. மதில் சிற்பம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இந்த ஒரு கோலம் காப்பாற்றுகிற உயிர்கள் கூடுதலாக இருக்கும். செலவும் குறைவு.

கமிட்டியில் யாராவது தேனீ விடுதி கேட்டால் நான் கொஞ்சம் தயங்குவேன். இங்கிலாந்தில் பிரைட்டன் நகரம் 2020 முதல் புதுக் கட்டடங்களில் துளை போட்ட தேனீச் செங்கல் வைக்கச் சொன்னது. துளை ஆழம் போதாது, சுத்தம் செய்ய முடியாத துளையில் உண்ணியும் நோயும் சேரும் என்று ஆய்வாளர் சிலர் எதிர்த்தார்கள். கொழும்பு ஈரத்தில் பூஞ்சணமும் சேரும். மூங்கில் துண்டுகளைக் கட்டி வைத்து வருடம் ஒருமுறை மாற்றத் தயாரென்றால் வையுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். கொசுத்தேனீ உங்களைக் கேட்காமலே மதில் வெடிப்பில் மெழுகுக் குழாய் வைத்து வந்து சேரும். கொட்டாது, அதை அடைக்காமல் விட்டால் போதும். மதில் சிற்பத்துக்கு இரவு முழுக்க வண்ண விளக்கு போடும் யோசனைக்கு மட்டும் நான் நேரடியாகவே வேண்டாம் என்பேன். போடத்தான் வேண்டுமென்றால் மஞ்சள் ஒளி, கீழ்நோக்கி, பத்து மணிக்கு அணைகிற மாதிரி.

எல்லாவற்றையும்விட நான் கண்ட பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. விலங்குக்கு மட்டும் என்று செய்த பொருள் இரண்டு வருடத்தில் பாழாகும். மனிதர் தினமும் தொடுகிற பொருள் நிலைக்கும். அதனால் அந்தத் தண்ணீர்ச் சட்டியைக் காவல்காரர் ஐயா உட்காருகிற வாங்கில் பக்கத்திலேயே வையுங்கள், அந்த வாங்கிலும் சிற்பத்தின் ஒரு பகுதியாகவே இருக்கட்டும். அவர் கால் கழுவுகிற குழாயடியிலிருந்தே சட்டி நிரம்பட்டும். தேசிக்காயும் கறிவேப்பிலையும் சமையலுக்கு உதவுவதால் யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள். கூட்டைத் துடைக்கிற பொறுப்பை ஒரு பெயரோடு கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். முட்டையோ குஞ்சோ இருக்கும்போது துடைக்கக் கூடாது. பெரும்பாலான காட்டுப் பறவைகளையும் அவற்றின் கூடுகளையும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பாதுகாக்கிறது. கிளிக்குஞ்சு வந்தால் அழகாக இருக்கிறதே என்று எடுத்து வளர்க்கவும் கூடாது.

மேசன் பாஸை இப்போதே கூப்பிட வேண்டாம். இரண்டு வாரம் காலை ஆறரைக்கும் பின்னேரம் ஐந்தரைக்கும் பத்து நிமிடம் மொட்டைமாடியில் நின்று, என்ன வருகிறது, எங்கே உட்காருகிறது, எங்கே தண்ணீர் குடிக்கிறது என்று எழுதுங்கள். உங்கள் கட்டடம் வெள்ளவத்தைக் கால்வாய்க்கு அருகிலா, கடல் பக்கமா என்பதையும் சொல்லவில்லை. கால்வாய் அருகென்றால் கதை மாறும். கொழும்பு 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது இந்தக் கால்வாய்களும் சதுப்புகளும் சேர்ந்த வலைப்பின்னலால்தான். உங்கள் பின்மதிலடியில் கபரகொய்யா என்கிற நீருடும்பும் ஆமையும் போக ஒரு சாணகல இடைவெளி விடுவது பற்றிப் பேசலாம். குறிப்பையும், முன்மதில் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். அளவோடு ஒரு படம் வரைந்து தருகிறேன்.